பெரியப்பா கேட்ட மன்னிப்புகள்

எங்கள் பெரியப்பா வீட்டுக்குள் நடக்கும்போது இடது புறங்கையைச் சுவரில் உரசிக்கொண்டே நடப்பார். நான் மூன்றாம் வகுப்பு படித்த நாளிலிருந்து பார்த்திருக்கிறேன். கூடத்திலிருந்து குளியலறை வரை இடுப்பு உயரத்தில் ஒரு கறுப்புக் கோடு ஓடும். வெள்ளையடித்தால் ஆறே மாதத்தில் கோடு திரும்பிவிடும். சிலர் நகம் கடிக்கிறார்கள், இவர் சுவரைத் தேய்க்கிறார் என்று விட்டுவிட்டோம். நெடுநாள் குடி சிறுமூளையைக் கெடுத்தால், குடிக்காத நேரத்திலும் கால் தள்ளாடும் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். தெரிந்துகொண்டு என்ன செய்தேன் என்று கேட்டால், தேர்வில் எழுதினேன்.

ஒருநாள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். "இன்னொண்ணு எங்கே?" என்றார் பெரியம்மா. பெரியப்பா குனிந்து நிதானமாகப் பார்த்துவிட்டு, "அட, செருப்பா போட்டிருக்கேன்?" என்றார். பாதத்து நரம்புகள் அவ்வளவு மரத்துப் போயிருந்தன. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அவர் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். கண்ணாடிக் கூண்டு, மைக், கழுத்தில் விசில், எதிரே நீளமான பதிவேடு. எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று இருபத்தாறு வருடம் எழுதினார். காலையில் கை நடுங்கும். சாராயக் கடைக்கு ஒரு நடை போய் வந்தால் நடுக்கம் நின்று எழுத்து முத்து முத்தாக வரும். அதனால், தான் குடிப்பதே வேலைக்காகத்தான் என்று அவர் மனதார நம்பினார்.

பெரியம்மாவுக்கு அவர்மேல் ஒரே ஒரு வழக்குதான். பெரியம்மாவின் அம்மா இறந்த செய்தி வந்து இருவரும் கிளம்பினார்கள். வழியில் வண்டி மாற வேண்டிய இடத்தில், "இங்கயே உட்காரு, தண்ணி பாட்டில் வாங்கிட்டு வரேன்" என்று போனவர், குடித்துவிட்டு ஏதோ ஒரு வண்டியில் ஏறித் தூங்கி, நேராக வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார். பணம் முழுவதும் அவர் சட்டைப்பையில். பெரியம்மா அந்த பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு அம்மாள் டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பிவைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை.

"தப்புதான், மன்னிச்சிடுன்னு ஒரு வார்த்தை. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு" என்று பதினோரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். "பஸ் மாறிப் போச்சு. அதுக்கென்ன இப்ப?" என்பதுதான் பெரியப்பாவின் பதில். நல்ல நினைவோடு இருந்த காலத்தில் அந்த ஒரு வார்த்தை அவர் வாயில் வரவேயில்லை.

பிறகு பதிவேட்டில் வராத வண்டிகள் வர ஆரம்பித்தன.

குடலிறக்க அறுவை சிகிச்சைக்காக மூன்று வாரம் விடுப்பில் இருந்த ஒரு டிரைவர், பதிவேட்டின்படி தினமும் ஒன்பதே காலுக்கு வந்துகொண்டிருந்தார். ஒருநாள் பஞ்சரால் பன்னிரண்டு நிமிடம் தாமதம். இன்னொரு நாள், மகளுக்குக் காய்ச்சல் என்று வருத்தப்பட்டதாகக் குறிப்பு. மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தார்.

"வண்டியே வரலையேய்யா?"

"நான்தானே சார் விசில் அடிச்சு உள்ள விட்டேன். நீங்ககூட அன்னிக்கு நீலச் சட்டை போட்டுக்கிட்டு இங்க நின்னீங்களே?"

அதிகாரி அன்று மாலை வீட்டுக்குப் போய்த் தன் சட்டைகளைப் பார்த்தாராம். பிறகுதான் பெரியப்பாவை மருத்துவமனைக்கு அனுப்பினார்.

சேர்த்த மூன்றாம் நாள் பெரியப்பா வார்டுக்குள் வண்டி விட்டார். உடம்பெல்லாம் நடுக்கம், வேர்வை, வாயாலேயே விசில். "ஏழாம் நம்பர், பின்னாடி வா! இன்னும் வா! ஆள் நிக்குது பாரு!" ஏழாம் கட்டிலில் காலில் கட்டோடு படுத்திருந்தவர், "சிஸ்டர், என்னைக் கொஞ்சம் பின்னாடி தள்ளிடுங்க" என்று கெஞ்சினார். கட்டில் நகர்ந்ததும் பெரியப்பா, "ரைட், போலாம்" என்றார்.

டாக்டரம்மா சொன்னதை நான் பெரியம்மாவுக்கு விளக்கினேன். "குடி மூளைக்கு பிரேக் மாதிரி, பெரியம்மா. வருஷக்கணக்கா பிரேக்கை மிதிச்சா, மூளை ஈடுகட்ட ஆக்ஸிலேட்டரை அழுத்திக்கிட்டே இருக்கும். திடீர்னு பிரேக்குலேருந்து காலை எடுத்துட்டா..."

"வார்டுக்குள்ள பஸ் வரும். புரியுது" என்றார் பெரியம்மா.

மருந்தில் நடுக்கம் ஒரு வாரத்தில் அடங்கியது. வண்டிகளும் போய்விட்டன. ஆனால் நினைவில் விழுந்திருந்த ஓட்டை அடைபடவில்லை. குடி உடம்பில் ஒரு வைட்டமினைச் சேரவிடாமல் செய்து, புதியதைப் பிடித்து வைக்கும் இடத்தை அரித்திருந்தது. ஊசி போட்டார்கள். பாதிதான் பலன். காலியான இடத்தை மூளை தானே ஒரு கதையால் நிரப்பிக்கொள்ளும் என்றார் டாக்டரம்மா.

அப்படி ஓர் இடத்தில் அந்த மன்னிப்பும் போய் உட்கார்ந்துகொண்டது.

"அதான் நேத்து உன்கிட்ட மன்னிப்புக் கேட்டேனே" என்றார் பெரியப்பா, வீடு திரும்பிய பிறகு ஒரு காலையில்.

பெரியம்மாவின் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. "எங்க வச்சுக் கேட்டீங்க?"

"மொட்டை மாடியில. நீ துணி காயப்போட்டுட்டு இருந்தே. நான் கால்ல விழப் போனேன், நீ தடுத்துட்டே."

"நான் என்ன சொன்னேன்?"

"'விடுங்க, பழசைப் பேசி என்ன ஆகப் போவுது'ன்னே. ரெண்டு பேரும் அழுதோமே, மறந்துட்டியா?"

அந்த வீட்டுக்குத் தகரக் கூரை. மொட்டை மாடியே கிடையாது.

"பாத்தியா அநியாயத்தை? என்னைக் கேக்காமலே நான் மன்னிச்சிட்டேனாம்!" என்று என் பக்கம் திரும்பினார் பெரியம்மா.

"அவர் பொய் சொல்லலை, பெரியம்மா. அவருக்கு அது நிஜமாவே நடந்தது."

"பொய்யின்னா சண்டை போடலாம். இதை என்ன பண்றது? நீ படிச்சதுல அதுக்கு ஏதாவது இருக்கா?"

இருப்பதாக நினைத்தேன். ஓர் அட்டையில், 'நீங்கள் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்று கேட்கவும்' என்று எழுதி அவர் சட்டைப்பையில் வைத்தேன். மாலையில் எடுத்துப் பார்த்தால், அடியில் முத்து முத்தாக, 'காலை 10.42. கேட்டாயிற்று.' மறுநாள் புது அட்டை. 'பகல் 1.15. கேட்டாயிற்று. ஐந்து நிமிடம் தாமதம்.' நாற்பது அட்டைகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன. ஒன்றுகூடப் பெரியம்மாவிடம் வந்து சேரவில்லை.

ஒரே ஒருமுறை பக்கத்தில் வந்தது. பெரியப்பா அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்." பெரியம்மா அடுப்பை அணைத்துவிட்டு, கழுவின கையோடு முக்காலியில் உட்கார்ந்தார். அந்த வார்த்தையை எடுத்துக் கொடுக்கலாமா என்று என் நாக்கு துடித்தது. நான் எடுத்துக் கொடுத்தால் அது யார் கேட்ட மன்னிப்பு?

"கையெல்லாம் ஈரமா இருக்கே. இரு, துண்டு கொண்டாரேன்" என்று போனார். துண்டோடு திரும்பினார். "இதை எதுக்கு எடுத்தேன்?" என்று என்னைக் கேட்டார்.

அடுத்த வருடம் ஈரல் கெட்டு இறந்துபோனார். துக்கம் கேட்க டிரைவர்கள் கூட்டமாக வந்தார்கள். வேலை போன பிறகும் தினமும் சாயங்காலம் நான் அவரைப் பேருந்து நிலையத்துக்கு அழைத்துப் போவேன், இவர்களோடுதான் பேசிக்கொண்டிருப்பார். அந்தக் குடலிறக்க டிரைவர் பெரியம்மாவின் எதிரே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணி, அந்த பஸ் விஷயத்துக்கு அண்ணன் உங்ககிட்ட எப்படி மன்னிப்புக் கேட்டார்னு எங்ககிட்ட சொல்லாத நாளில்லை. கேக்கறப்பல்லாம் எங்க எல்லாருக்கும் அழுகை வந்துரும்."

"நல்லாக் கேட்டாரா?" என்றார் பெரியம்மா.

"மனசார கேட்டாரு, அண்ணி."

பெரியம்மா தலையாட்டினார். "நிலையத்துல எத்தனை பேர் இருப்பீங்க?"

"ஒரு முப்பது பேர்."

"முப்பது பேருக்கும் கிடைச்சிருக்கு" என்றார் பெரியம்மா. "எனக்குத்தான் இன்னும் பாக்கி."