செவிலிமேட்டில் ஊதச் சொன்ன போலீஸ்காரம்மா

எங்கள் தெருவில் என் வாய்க்கு ஒரு தனி மரியாதை உண்டு. குழாயடியில் நான் பேச ஆரம்பித்தால் குடத்தை நகர்த்தி வழிவிட்டுவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட நான் ஒரே ஒரு முறை பேச்சு வராமல் நின்றிருக்கிறேன். அதுவும் நடுரோட்டில், நாலு பேர் பார்க்க, ஒரு போலீஸ்காரம்மா முன்னால். அந்த அம்மாவுக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்துச் சொல்லலாம் என்று ஸ்டேஷனுக்குப் போனபோது அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டிருந்தார். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்களுடையது பட்டு நெய்கிற வீடு, சின்ன காஞ்சிபுரத்தில். என் வீட்டுக்காரர் தறியில் உட்காருவார். புடவையின் கரையையும் உடலையும் கோத்து நெய்ய இரண்டு பேர் வேண்டும் என்பதால் பக்கத்தில் நான் உட்காருவேன். அவரைக் குடிகாரர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மற்ற நாளெல்லாம் டீயைத் தவிர எதையும் தொடமாட்டார். ஆனால் ஒரு பாவு என்பது மூன்று புடவைக்கான இழை. மூன்றாவது புடவையை அறுத்து எடுத்துவிட்டால், அடுத்த பாவைப் பிணைக்கிறவரைக்கும் தறி காலி, கைகளுக்கு வேலையில்லை. அந்த ஒரு நாள் குடிப்பார். எங்கள் பக்கத்து ஆண்கள் பலருக்கும் அது பண்டிகை மாதிரி. தீபாவளி என்றைக்கு என்று காலண்டரைப் பார்க்க வேண்டும், இதற்குத் தறியைப் பார்த்தால் போதும். பாவு குறையக் குறைய அவர் முகம் மலரும், என் முகம் சுருங்கும்.

அந்த நாளுக்கு ஒரு வரிசை இருந்தது. புடவைகளை வெள்ளைத் துணியில் சுற்றி மொபெட்டில் முதலாளி கடைக்குக் கொண்டுபோவார். அங்கிருந்து ஒயின்ஷாப். அங்கிருந்து, சொன்னால் நம்பமாட்டீர்கள், வரதர் கோயில். கோயிலிலிருந்து செவிலிமேட்டில் இருக்கும் அவருடைய அக்கா வீடு. அறுப்பு நாளில் எனக்கு வேலை தலைக்குமேல் இருக்கும் என்று எங்கள் மூன்று வயதுப் பெண்ணை காலையிலேயே அங்கே விட்டுவிடுவோம். சாயங்காலம் அவளைக் கூட்டிவருவது அவர் பொறுப்பு.

கோயில் எதற்கு என்றால், ஒரு முறை வழியில் நிறுத்திய போலீஸ்காரர் இவர் வாயை மோந்து பார்த்திருக்கிறார். அன்று தற்செயலாகக் கோயிலுக்குப் போய்த் தீர்த்தம் வாங்கியிருந்தார். பச்சைக் கற்பூர வாசனையும் நெற்றியில் நாமமும் சேர்ந்து அவரைக் காப்பாற்றிவிட்டன. அதிலிருந்து ஒயின்ஷாப்புக்குப் பிறகு தீர்த்தம் என்று வழக்கமாகிவிட்டது. பட்டர் உள்ளங்கையில் தீர்த்தம் விடும்போது மூச்சை அடக்கிக்கொள்வாராம். இந்தக் கூத்தில் பெருமாளையும் கூட்டுச் சேர்த்துவிட்டாயே என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். அடித்துக்கொண்டே சிரிக்கவும் செய்வேன்.

அப்படி ஒரு அறுப்பு நாள் சாயங்காலம் அவரிடமிருந்து போன் வந்தது. செவிலிமேடு போகிற வழியில் போலீஸ் தடுப்பு வைத்துப் பிடித்துவிட்டார்கள், சீக்கிரம் வா என்றார். ஷேர் ஆட்டோ பிடித்து ஓடினேன். வெயில்கூட இன்னும் தாழவில்லை. நாமம் வேர்வையில் கரைந்து மூக்குவரை வழிய, இவர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். எதிரே மெலிந்த, களைத்த முகமுள்ள ஒரு போலீஸ்காரம்மா. அவர் கையில் குடித்தவர்களை ஊதச் சொல்லிப் பார்க்கிற மெஷின். மூக்கை ஏமாற்றியவருக்கு மெஷின் வந்த சேதி தெரியவில்லை.

“தீர்த்தம் தாம்மா குடிச்சேன். கோயில்ல இருந்து தான் வந்துக்கினு இருக்கேன். வாய மோந்து பாருங்க, கற்பூர வாசன வரும்” என்று கெஞ்சினார்.

“வாசன வருதுப்பா, இல்லன்னு சொல்லல. ஆனா இது வாசன பாக்கற மெஷின் இல்ல” என்றார் அந்த அம்மா.

நான் ஆரம்பித்தேன். இவரைத் திட்டியிருக்க வேண்டும், ஆனால் கோபம் காக்கிச் சட்டைமேல் பாய்ந்தது. மணல் லாரிக்காரனையெல்லாம் விட்டுவிட்டு உழைக்கிறவனைப் பிடிக்கிறீர்களா, ஒரு நாள் குடித்தால் குற்றமா என்று குழாயடியில் பேசுகிற அத்தனையையும் பேசினேன். இதற்குள் சேதி தெரிந்த நாத்தனார் புருஷன் ஒரு கட்சிக்காரரைப் பிடித்து என் போனில் பேசவைத்தார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, வண்டி ஸ்டேஷனில் இருக்கும் என்று மட்டும் சொல்லி போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

பிறகு மொபெட்டைச் சுற்றி வந்தார். முன்பக்கம், ஹேண்டில்பாருக்கும் ஓட்டுகிறவருக்கும் நடுவில் குழந்தை உட்காருவதற்கு ஒரு சின்ன இரும்பு சீட் வைத்திருந்தோம். பழைய துணியில் நானே தைத்த ரோஸ் கலர் மெத்தை அதில் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்து, இது யாருக்கு என்று கேட்டார்.

இவருக்கு முகத்தில் வெளிச்சம் வந்தது. பிள்ளைப் பேச்சை எடுத்தால் மனசு இளகும் என்று நினைத்துவிட்டார். “எம் பொண்ணுக்கும்மா. மூணு வயசு. அக்கா வூட்ல இருக்குது, கூட்டியாரத் தான் போய்க்கினு இருக்கேன். இப்ப வண்டில கொழந்த இல்லயேம்மா.”

அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

“கொழந்த ஏர்றதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன்னு தான் உனக்கு இவ்ளோ கோவமாம்மா?”

என் வாய் அப்படியே நின்றுபோனது. ஒவ்வொரு அறுப்பு நாளும் என் பெண் அந்தச் சீட்டில்தான் வந்தாள். லாரிகளுக்கு நடுவே, பாதித் தூக்கத்தில், தலையை ஹேண்டில்பாரில் சாய்த்துக்கொண்டு. வாசலில் அவளை இறக்கிவிட்டதும் வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்வேன். எப்படி வந்தாள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

வண்டியை விட்டுவிட்டு நாத்தனார் வீட்டுக்கு நடந்து போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். டவுன் பஸ்ஸில் என் தோளில் தூங்கினாள். கை வலித்தது. மாற்றி வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

அப்புறம் கோர்ட், அபராதம், சில மாதம் லைசென்ஸ் ரத்து. அவர் லைசென்ஸ் போன வேகத்தில் நான் ஸ்கூட்டி பழகினேன். இரண்டு முறை விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு லைசென்ஸ் வாங்கினேன். அதிலிருந்து அறுப்பு நாளில் நான் ஓட்டுவேன், அவர் புடவையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்காருவார். லைசென்ஸ் திரும்பி வந்த பிறகும் சாவியை நான் கொடுக்கவில்லை.

குடியை விட்டுவிட்டேன் என்று ஒரு நாள் சொன்னார். சரி என்றேன். நம்பினேனா என்று கேட்டால் தெரியாது. கடையில் புடவையைக் கொடுத்ததும் நான் மார்க்கெட்டுக்குப் போய்விடுவேன். அந்த நேரத்தில் அவர் கூட்டாளிகளோடு எங்கே போனார் என்று கேட்கமாட்டேன். மோந்து பார்க்கிற பெண்டாட்டியாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. தவிர, மூக்கின் லட்சணம்தான் எனக்குத் தெரியுமே.

போன பாவு அறுத்த அன்றும் அப்படித்தான். மார்க்கெட் வாசலுக்கு வரத் தாமதித்தார். வந்தபோது கையில் ஜிலேபிப் பொட்டலம், முகம் சிவந்திருந்தது. வெயிலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செவிலிமேட்டில் பெண்ணை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். அவள் இப்போது இரண்டாம் வகுப்பு, எங்கள் நடுவில் உட்காருவாள். அதே ரோட்டில் தடுப்பு. ஒரு சின்ன வயசு போலீஸ்காரர் பொம்பளை ஓட்டுகிறாள் என்று பார்த்துவிட்டுப் போகச் சொல்லிக் கையசைத்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வண்டியை ஓரங்கட்டினேன்.

“என்ன மட்டும் ஏன் வுடற? நானும் வண்டி தான ஓட்றேன். என் பொண்ணு ஒக்காந்துக்கினு இருக்கா. குடு, ஊதறேன்.”

மூன்று பேர் போவதே தப்பு அக்கா, முதலில் அதைப் பாருங்கள் என்றார் அவர். நியாயம்தான், வாயை மூடிக்கொண்டேன். புதுக் குழல் மாட்டி நீட்டினார். ஊதினேன், ஒன்றும் காட்டவில்லை.

அப்போது பின்னாலிருந்து என் தோளுக்கு மேல் ஒரு கை நீண்டது. “எனக்கும் குடுப்பா.”

ஓட்டுகிறவர்கள் ஊதினால் போதும் என்றார் போலீஸ்காரர். இவர் கையை மடக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. போலீஸ்காரர் குழலை மாற்றிக் கொடுக்க, நீளமாக ஊதினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் பெண்தான் நடுவிலிருந்து எட்டிப் பார்த்து, எழுத்துக்கூட்டிப் படிப்பது போலப் படித்தாள்.

“ஜீரோ, ஜீரோ, ஜீரோ. இதுக்கு ஏம்மா அழற?”

தூசு என்றேன். மூன்று பேர் போவது தப்பு என்று சொல்லிவிட்டார்களே, நீங்கள் போங்கள் என்று என் வீட்டுக்காரர் இறங்கிக்கொண்டார். வண்டியை மெல்லத்தான் ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தபோது, ஜிலேபிப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரமாக நேராக நடந்து வந்துகொண்டிருந்தார்.