மில்காரரின் பிள்ளையார்

சண்டை ஓய்ந்த வருடம், செல் குண்டுகள் விழுந்த படுவான்கரைப் பக்கமிருந்து வந்த வேப்பங்குற்றிகளை எங்கள் ஊர் மரமில்லில் அரிய மாட்டார்கள். செல்லின் இரும்புத் துண்டு புதைந்த மரம் வாளை உடைத்துவிடும். மில்காரர் தள்ளிய குற்றிகள் சிலை செதுக்கும் எனக்கு விறகு விலைக்குக் கிடைத்தன.

ஒருநாள் ஒரு குற்றியை மட்டும் அரிந்து தரச் சொல்லிக் கெஞ்சினேன். "தூக்கிட்டுப் போ. உன்ட வேலைக்குக் கோடாலியே காணும்" என்று ஆட்களுக்கு முன்னால் சிரித்தார்.

மூன்று நாள் ஆப்பு வைத்துச் சம்மட்டியால் அடித்துப் பிளந்தேன். ஒவ்வொரு அடியும் அவருடைய மண்டைக்குத்தான். பிளந்த ஒரு பாதியில் பெருவிரல் அளவு செல் துண்டு இறுகிக் கிடந்தது.

அடுத்த மாதம் அந்த மனிதரே என்னிடம் வந்தார். மில்லில் வைக்க ஒரு பிள்ளையார் வேண்டுமாம்.

"சுத்தமான மரத்தில செய். இரும்பு கிரும்பு இருக்கப்படாது."

"ஓம்" என்றேன்.

அந்தப் பாதியைத்தான் எடுத்தேன். துண்டின் மேல் மரத்தக்கை அடித்து மூடி, அந்த இடத்தை வயிறாகச் செதுக்கினேன்.

வாள் உடையக்கூடாதென்று, தினமும் காலையில் அந்த வயிற்றைத் தொட்டுத்தான் கும்பிடுகிறார்.