மாப்பிள்ளை கண்ணில் நெளிந்தது

என்னைப் பெண் பார்க்க வந்த மூன்றாவது மாப்பிள்ளை கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வந்தார். எண்பதுகளின் கடைசி. அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ட்யூப் லைட் வெளிச்சத்தில் கறுப்புக் கண்ணாடி! பாலவனத்தத்தில் புண்ணாக்குக் கடை வைத்திருப்பவருக்கு இத்தனை மிடுக்கா என்று அடுப்படியில் நின்ற எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.

"மாறுகண்ணா இருக்குமோடி? காப்பி குடுக்கையில நல்லாப் பாத்துக்க. ஆனா தலைய நிமிராத."

நிமிராமல் எப்படிப் பார்ப்பது என்று சொல்லித் தரவில்லை. முதல் இரண்டு சம்பந்தமும் தட்டிப்போனதற்கு என் வாய்தான் காரணம் என்பது அம்மாவின் முடிவு. "இதுவும் போச்சுன்னா ஒனக்குக் கலியாணமே கெடையாது" என்று காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டாள். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

காப்பித் தட்டை நீட்டினேன். டம்ளரை வாயருகே கொண்டுபோனதும் ஆவி படிந்து கண்ணாடி மங்க, அவர் அதைக் கழற்றினார். நான் நன்றாக நிமிர்ந்தே பார்த்தேன். மாறுகண் இல்லை. ஆனால் இடது கண் செக்கச்செவேல் என்று இருந்தது. அந்தச் சிவப்பில் வெள்ளை நூல் மாதிரி ஒன்று கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நெளிந்தது.

சொன்னால் சம்பந்தம் போகும். சொல்லாவிட்டால் இந்த மனுஷனின் கண் போகும். இதையெல்லாம் நான் நிதானமாக யோசித்தேன் என்று சொன்னால் பொய். வாய் முந்திக்கொண்டது.

"உங்க கண்ணுக்குள்ள புழு நெளியுதுங்க."

அவருடைய அம்மா எழுந்தேவிட்டார். "எம் பிள்ள கண்ணுல புழுவா? நல்லாத்தான் பொண்ணு வளத்துருக்கீக!"

எல்லோரும் குனிந்து அவர் கண்ணைப் பார்த்தார்கள். அதற்குள் அந்தச் சனியன் மேலிமைக்குள் நழுவிவிட்டிருந்தது. என் அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் காசிக்கே போயிருக்கலாம்.

அவர் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "பத்து நாளா நானும் அதத்தானம்மா சொல்றேன், என்னமோ ஊருதுன்னு. நீதான் மெட்ராஸ் ஐன்னு பக்கத்து வீட்டு அக்காகிட்ட தாய்ப்பால் வாங்கியாந்து ஊத்துன." சொல்லிவிட்டு வெட்கத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

கேசரி ஆறிக் கிடக்க, அவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்கள். எட்டு நாள் அம்மா என்னோடு பேசவில்லை. மாப்பிள்ளை கண்ணில் புழு கண்டவள் என்று தெருவே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

ஒன்பதாம் நாள் அவரும் அவருடைய அம்மாவும் மறுபடி வந்தார்கள். அவர் கண்ணில் கட்டு. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து என் அம்மாவிடம் நீட்டினார். உள்ளே விரல் நீளத்துக்கு அந்த வெள்ளை நூல். மதுரையில் டாக்டர் கண்ணை மரத்துப்போகச் செய்து, லேசாகக் கீறி, இடுக்கியால் உருவி எடுத்தாராம். "நாய் வளக்குறீகளா?" என்று கேட்டாராம். நாய் உடம்பில் வாழ்கிற புழுவாம் அது. நாயைக் கடித்த கொசு கொண்டுவந்து சேர்த்துவிடுமாம். கடையில் மூட்டைக்குக் காவலிருந்த நாய் எப்போதும் அவர் காலடியில்தான் படுத்திருக்கும்.

அம்மா குப்பியைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, முதல் வேலையாக எனக்குக் காப்பி கொடுத்தாள், விருந்தாளிகளுக்குக் கொடுப்பதற்கு முன்னாலேயே.

அவருடைய அம்மா என் கையைப் பிடித்தார். "தினம் அவன் மூஞ்சியிலதான் முழிக்கேன். எனக்குத் தெரியலயே தாயி." எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் பெருமையடிப்பார்: "பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே எங் கண்ணுக்குள்ள பாத்துட்டா!"

நான் திருத்துவதில்லை. அன்றைக்கு நான் அவரைப் பார்க்கவே இல்லை, புழுவைத்தான் பார்த்தேன். அவருக்கு மீசை உண்டு என்பதே குப்பியோடு வந்த அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.