வண்டி சரியானதும் வருகிறேன்

என் மனைவி கோபித்துக்கொண்டு சுங்கை சோவில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போனதற்குக் காரணம் ஒரு பானை. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம், ராவாங்கில் அவள் வேலைக்கு அங்கிருந்து போவது பக்கம் என்று சொல்லிவைத்தேன்.

என்னிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருக்கிறது. என்னைவிட அதற்கு வயது அதிகம். அதில் இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். ஆகவே தலைவலியும் இரண்டு. ஒவ்வொரு கார்புரேட்டரின் அடியிலும் ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. அதற்குள் பித்தளை மிதவை ஒன்று. கிண்ணத்தில் பெட்ரோல் ஏற ஏற மிதவையும் ஏறி, ஓர் ஊசியைத் தள்ளி வழியை அடைக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை மூடுகிறதே, அதே வேலைதான். என் வண்டியில் அது மூடவில்லை. பெட்ரோல் பொங்கி வழிந்து, கோலா சிலாங்கூரில் எங்கள் வீட்டு வாசல் முழுக்க நாறியது. அவள் அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள்.

மிதவையில் ஓட்டை விழுந்தால் உள்ளே பெட்ரோல் புகுந்து அது மூழ்கிவிடும். ஓட்டையைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. சுடுதண்ணீரில் மிதவையை அமுக்கிப் பிடித்தால், ஓட்டை இருக்கிற இடத்திலிருந்து குமிழ் குமிழாகக் காற்று வரும். அன்று சனிக்கிழமை. அவள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். எனக்கு ஒன்றை நினைத்துவிட்டால் அடுத்த நிமிடம் வரை பொறுக்காது. அடுப்படி அலமாரியின் மேல்தட்டில் துணி சுற்றி வைத்திருந்த வெண்கலப் பானைதான் கண்ணில் பட்டது. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு மிதவையைப் போட்டு அமுக்கினேன். குமிழ் வந்தது. நான் அடுப்படியிலேயே ஒரு ஆட்டம் போட்டேன்.

அது எங்கள் தலைப்பொங்கலுக்கு அவள் அம்மா கொடுத்த பானை. வருஷத்தில் ஒருநாள்தான் கீழே இறங்கும். பொங்கி வழிந்தால் எல்லாரும் கத்திக் குலவையிடுகிற பானை. மார்க்கெட்டிலிருந்து வந்தவள் அதை எடுத்து முகர்ந்து பார்த்தாள். கத்தவில்லை.

"இதுல இனிமே எப்படிங்க பால ஊத்துறது?" என்றாள்.

"ஒரு பானதானே லா. கழுவுனா போச்சு."

அந்த 'தானே'தான் வினை. சாயங்காலம் துணிமணியோடு பானையையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வீட்டில் இருந்த ஒரே காரும் அதோடு போனது. சில நாள் கழித்துப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனை எடுத்தேன். வாயில் வந்தது வேறு.

"வண்டி சரியானதும் நானே வந்து கூட்டிட்டு வரேன்."

"சரி," என்று வைத்துவிட்டாள்.

சொட்டு ஒழுகாத வண்டியில் போய் அவள் முன்னால் இறங்கினால், நான் செய்தது வீண்வேலை இல்லை என்றாகிவிடும். அப்படி ஒரு கணக்கு எனக்கு.

அதற்குப் பிறகு நான் நிலையாக உட்கார்ந்ததே கிடையாது. ஓட்டையை ஈயம் வைத்து அடைத்தேன். தாராளமாகவே வைத்தேன். ஈயத்தின் கனத்தில் மிதவை இன்னும் தாழ்ந்துபோக, பெட்ரோல் முன்பைவிட அதிகமாக ஊற்றியது. ஈயத்தைச் சுரண்டினேன். இடது பக்கம் நின்றது. வலது பக்கம் ஆரம்பித்தது. அங்கே ஊசியை மாற்றினேன். சோற்றில் கை வைத்தவன் பாதியில் எழுந்து போய், வண்டிக்கடியில் விரித்த பேப்பரை இடது கையால் தொட்டுப் பார்ப்பேன். விரலை முகர்ந்துகொண்டே வந்து மீதியைச் சாப்பிடுவேன். டிவியைப் போடுவேன், அணைப்பேன். அவள் இல்லாத வீட்டில் நடக்க இவ்வளவு இடம் இருக்கிறதே என்று எரிச்சலாக வரும்.

டவுனில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் என் சிநேகிதன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். இருவரும் ஒரே எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். மரியாதையெல்லாம் எங்களுக்குள் கிடையாது. விரித்திருந்த பேப்பரை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினான்.

"எங்கடா மின்யாக் ஒழுகுது? காஞ்சுபோயி கெடக்கு பாரு."

"நேத்துலேர்ந்துதான் ஒழுகல. ஆனா ரைட் சைடு கிண்ணத்துல பெட்ரோல் கொஞ்சம் மேல நிக்கிற மாதிரி இருக்கு. இன்னொரு தடவ கழட்டிப் பாத்துருவோம்."

"நல்லா இருக்கிறத ஏன்டா நோண்டுற? சட்டைய மாத்திக்கிட்டுப் போயி வீட்டுக்காரியக் கூட்டிட்டு வா லா."

தலையாட்டினேன். அவன் தெருமுனை திரும்பியதும் கழற்றினேன். மிதவையில் ஊசியைத் தள்ளுகிற சின்ன நாக்கு ஒன்று இருக்கும். அதை இம்மியளவு வளைத்து மாட்டினேன். சொட்ட ஆரம்பித்தது. எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. இந்த வாரமும் போக வேண்டியதில்லை.

அப்படி நினைத்தது எனக்கே உறைத்தது. எனக்குப் பயம். போய் நின்று, அவள் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? கையில் ஸ்பேனர் இருக்கும்வரை அவள் இன்னும் அப்படிச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு, நாக்கைப் பழையபடி நிமிர்த்தி மாட்டிவிட்டு, ஒழுகுகிறதா என்றுகூட நின்று பார்க்காமல் கிளம்பினேன். நின்று பார்த்தால் போக மாட்டேன் என்று தெரியும். பத்தாங் பெர்ஜுந்தை தாண்டி, இரண்டு பக்கமும் செம்பனையாக இருக்கிற ரோட்டில் வண்டி அருமையாக ஓடியது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் குனிந்து பார்த்தேன். ராவாங் நெரிசலில் வலது கால் சப்பாத்து ஈரமானது. சுங்கை சோ போய்ச் சேர்ந்தபோது என்னிடமிருந்து பெட்ரோல் நிலைய வாசனை வீசியது.

மாமியார், "வாங்க மாப்பிள்ள," என்று சொல்லிவிட்டு உள்ளே நகர்ந்துவிட்டார். அவள் வந்து கதவருகே நின்றாள். இளைத்திருந்தாள். நான் கேட்க வந்ததை விட்டுவிட்டு, மிதவை, ஈயம், ஊசி, நாக்கு என்று ஒப்பிக்க ஆரம்பித்தேன். இடது பக்கம் முழுசாகச் சரியாகிவிட்டது, வலது பக்கம் ஒரு சின்ன வேலைதான் பாக்கி, எல்லாம் முடித்துவிட்டு வரலாம் என்றுதான் இத்தனை நாள் ஆகிவிட்டது என்றேன். சிமெண்டுத் தரையில் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஏங்க," என்றாள். "இத்தன வாரமா பஸ்ஸு ஓடலையா?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்.

"ஓடுச்சு," என்றேன்.

அதற்கப்புறம்தான் அவள் அழ ஆரம்பித்தாள்.