செஞ்சிடலாம் என்ற மெம்பரும் ஒரே ஒரு தெருக்குழாயும்

இன்று காலை பேரூராட்சி ஆபீஸ் கவுன்டரில்...

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வந்து ஒரு வாரத்துக்கு மேலாகிறது. புகார் கொடுக்கப் போனேன். உள்ளே எங்கள் வார்டு கவுன்சிலரே இருந்தார். சின்ன வயசு, பளிச்சென்று வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். (நான் கூப்பிட்டால் இரண்டையுமே எடுத்ததில்லை!)

பொறுமையாகக் கேட்டார். கும்பிட்டார். பிறகு அந்த வார்த்தையைச் சொன்னார்.

"செஞ்சிடலாம்க்கா!"

அவ்வளவுதான். ஐம்பது வருஷக் கோபம் எனக்குத் தலைக்கேறிவிட்டது!

பாவம், அவருக்கு என்ன தெரியும்? நான் இந்த வார்த்தையோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள்.

எழுபதுகளில் என் அப்பா இதே மரக்காணத்தில் பஞ்சாயத்து மெம்பர். லஞ்சம் வாங்க மாட்டார், பொய்க் கையெழுத்துப் போட மாட்டார். ஆனால் "முடியாது" என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. யார் எதைக் கேட்டாலும் "செஞ்சிடலாம்!"

அந்த வார்த்தையின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். யார் செய்வது? அதில் இல்லை. எப்போது? அதுவும் இல்லை. ஆனால் கேட்டவர் வேலை முடிந்த மாதிரி சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்!

ஒரு கோடையில் உப்பளத்துக்காரர்கள் வந்தார்கள்.

"உப்பு வார்ற நேரம் மெம்பரே. மழை வந்தா அத்தினியும் கரைஞ்சிடும். மழை வரக்கூடாதுன்னு சர்ச்சு சாமியார்கிட்ட சொல்லி ஒரு பூச வைக்கணும்."

"செஞ்சிடலாம்!"

மறுநாள் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்த விவசாயிகள் வந்தார்கள்.

"செடியெல்லாம் காயுது மெம்பரே. மழைக்கு ஒரு பூச வைக்கணும்."

"செஞ்சிடலாம்!"

பங்குச் சாமியார் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏம்பா, ஒரே ஞாயித்துக்கெழம, ஒரே பீடத்துல நின்னு மழை வரணும்னும் வேண்டணும், வரக்கூடாதுன்னும் வேண்டணும்னா, ஆண்டவரு என்னதான் செய்வாரு?"

அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"செஞ்சிடுவாரு சாமி!"

(சாமியார் அன்று தலையில் அடித்துக்கொண்டது எங்கள் வீடு வரைக்கும் கேட்டதாக அம்மா சொல்லுவாள்.)

இதற்கெல்லாம் சிரிக்கலாம். குழாய் விஷயத்துக்குத்தான் என்னால் இன்றும் சிரிக்க முடியவில்லை.

அப்போது எங்கள் பக்கம் எங்கே கிணறு தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். பருப்பு வேகாது. நல்ல தண்ணிக்கு ஊருக்கு வெளியே ஒரு தோப்புக் கிணறுவரை நடக்க வேண்டும். பஞ்சாயத்தில் புதிதாக டேங்க் கட்டி, வார்டுக்கு ஒரு தெருக்குழாய் என்றார்கள். ஒன்றே ஒன்று!

உப்பளத் தெருவில் கேட்டார்கள். "செஞ்சிடலாம்!" மேட்டுத் தெருவில் கேட்டார்கள். "செஞ்சிடலாம்!"

அடுப்படியில் அம்மாவும் கேட்டாள்.

"நம்ம வாசல்ல போட்டா என்னாங்க? தண்ணி தூக்கித் தூக்கி இடுப்பு ஒடியுது."

"செஞ்சிடலாம்மா!"

அம்மா நம்பினாள். (கட்டின புருஷன் ஆயிற்றே!)

குழாய் போடும் பிட்டர் கடப்பாரையும் பைப்புமாக வந்து இறங்கிய அன்று, மூன்று தெருவும் குடத்தோடு எங்கள் வாசலில் நின்றது. அப்பா? "திண்டிவனத்துல ஒரு மீட்டிங்கு" என்று முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டார். ஒரு மீட்டிங்கும் கிடையாது!

"எங்க தெருவுக்குத்தான் சொன்னாரு!"

"ஓட்டு போட்டது நாங்கடா!"

சண்டை முற்றியது. பிட்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"மெம்பரம்மா, எங்க தோண்டுறதுன்னு யாருனா ஒருத்தர் சொல்லுங்க. இல்லன்னா அடுத்த வார்டுல கூப்புடுறாங்க, நான் போறேன்."

போனால் குழாயும் போய்விடும். அம்மா எங்கள் வாசலைப் பார்த்தாள். குழாய்க்கென்று காலையில்தான் அந்த இடத்தைப் பெருக்கி வைத்திருந்தாள்.

கூட்டத்தில் உப்பளத் தெரு செல்லம்மா அக்கா நின்றிருந்தார். உப்பளத்திலிருந்து நேராக வந்திருந்தார். முழங்கால்வரை உப்புப் பூத்து, பாதமெல்லாம் வெடிப்பு.

"புண்ணு மேலயும் உப்புத் தண்ணியதான் ஊத்துறோம் மெம்பரம்மா. கால் கழுவ நல்ல தண்ணிக்கு எங்க போறது?"

அம்மா அந்தப் பாதங்களைப் பார்த்தாள். பிறகு பிட்டரிடம், "உப்பளத் தெருவுல தோண்டுப்பா" என்றாள்.

மேட்டுத் தெருக்காரர் ஒருவர் குதித்தார். "மெம்பரு எங்களுக்கு செஞ்சிடலாம்னாரே!"

"அவரு செஞ்சிடலாம்னாரு. நான் செஞ்சிட்டேன். கோவம் இருக்கிறவங்க சாயங்காலம் அவரு வந்ததும் வந்து கேளுங்க!"

சாயங்காலம் அப்பா வந்தார். தண்ணீர் கொட்டுவதைப் பார்த்தார். "நானும் இந்த எடத்தத்தான் நெனச்சிட்டிருந்தேன்!" என்றார். அம்மா அவருக்குச் சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

சில வருஷத்தில் பஞ்சாயத்தையே கலைத்துவிட்டார்கள். அப்பாவின் அரசியல் அத்தோடு சரி. ஆனாலும் கடைசிவரை ஊர் அவரை மெம்பர் என்றுதான் கூப்பிட்டது. வணக்கம் சொல்ல முன்வாசல். வேலை ஆக வேண்டும் என்றால் பின்வாசல் வழியாக அம்மாவிடம்!

அதே அம்மா உப்பளத் தெருக் குழாயில் குடத்தோடு வரிசையில் நிற்பாள். எங்கள் தெருவுக்குக் குழாய் வரும்வரை அப்படித்தான் நின்றாள்.

சரி, கவுன்டருக்கு வருகிறேன்.

"செஞ்சிடலாம்னா யாரு தம்பி செய்யிறது? நீயா, நானா?" என்று கேட்டேன்.

கவுன்சிலர் முழித்தார். சமாளித்துக்கொண்டு, "பாத்துடலாம்க்கா!" என்றார்.

(முன்னேற்றம்!)

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?"

"ஆயிடுச்சுக்கா. ஏன்க்கா?"

"வீட்டுக்காரம்மா போன் நம்பர குடு."

சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார். எதற்கென்று இன்னும் அவருக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டது அந்தப் பெண்!

"எந்தத் தெருக்கா? எத்தினி நாளா வரல?" என்றுதான் கேட்டது. "செஞ்சிடலாம்" என்று சொல்லவே இல்லை.

உங்கள் வார்டில் நீங்கள் யாருக்குப் போன் போடுகிறீர்கள் மக்களே?