பூனை எங்கீங்க கண்ணு?

வைவாவுக்கு வருகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு எங்கே சொல்லலாம் என்று கேட்கத்தான் கோகிலாக்காவுக்குப் போன் செய்தேன். அவருடைய தம்பி எடுத்தார். "அக்கா இல்லீங்க" என்றார். வெளியே போயிருப்பதாக எண்ணி, "எப்ப வருவாங்க?" என்று கேட்டுவிட்டேன். "காலைல தவறிப்போயிட்டாங்க, அம்மணி" என்றார். அக்காவின் முனைவர் பட்டத்துக்கான வைவா என்னும் அந்தக் கடைசி வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன.

உங்களில் பலருக்கு அவரைக் கல்லூரி ஆசிரியையாகத் தெரியும். எனக்கு அவர் உடன் ஆராய்ச்சி செய்தவர். குழந்தை வளர்ச்சி உளவியலில் ஒரே பேராசிரியரிடம் இருவரும் பதிவு செய்திருந்தோம். நான் மதுரைக்காரி, பேச்சு கொஞ்சம் வெடுக்கென்றுதான் இருக்கும். "அந்த ஸ்டேப்ளரக் குடுக்கா" என்றால், "அதென்ன அம்மணி, போலீஸ் ஸ்டேசன்ல வெச்சுக் கேக்கற மாதிரி?" என்று சிரிப்பார். கொடுக்கவும் மாட்டார், நான் ஒரு 'ங்க' சேர்க்கும்வரை.

சோமனூர் விசைத்தறி வீடுகளில் வளரும் மூன்று வயதுக் குழந்தைகளுக்குப் பேச்சு எவ்வளவு புரிகிறது என்பது அவருடைய ஆய்வு. படங்களைப் பரப்பி, கையேட்டில் உள்ள கேள்வியை ஓர் எழுத்து மாறாமல் வாசிக்க வேண்டும். எங்கோ யாரோ தமிழாக்கிய கையேடு அது. துணைக்கு நானும் ஒருநாள் போயிருந்தேன். "பூனை எது? காட்டு" என்று அக்கா வாசித்தார். எதிரே உட்கார்ந்திருந்த பெண் குழந்தை எழுந்து போய் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அம்மாவின் முகமும் மாறிவிட்டது. "ஏனுங்க, பாப்பா ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டாளுங்களா?" என்று கேட்டார்.

பால்குடிக் குழந்தையைக்கூட 'வாங்க, போங்க' என்று கொஞ்சும் ஊர். அங்கே 'காட்டு' என்று கேட்டால் அது அதட்டல். அதே ஊரில் பிறந்த அக்காவுக்கே கையேட்டைக் கையில் எடுத்ததும் அது மறந்துபோயிருந்தது. கையேட்டை மூடி வைத்துவிட்டு, "பூனை எங்கீங்க கண்ணு? காட்டுங்க பாக்கலாம்" என்றார். சேலைக்குப் பின்னாலிருந்து ஒரு விரல் நீண்டு சரியான படத்தைக் காட்டியது. திரும்பும்போது பேருந்திலிருந்து இறங்கும் நேரத்தில், "இத்தன நாளாப் புள்ளைகள மெரட்டிப்போட்டில்ல வந்திருக்கறேன்" என்றார்.

கேள்வியில் ஒரு சொல்லை மாற்றினாலும் அதுவரை சேர்த்த தரவு செல்லாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது முறைப்படி சரிதான். இருப்பதை வைத்து ஆய்வேட்டை முடித்துவிடுங்கள் என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம். அக்கா கேட்கவில்லை. "அந்தப் புள்ளைகளுக்குப் புத்தி பத்தாதுன்னு எழுதி, நான் டாக்டராகோணுமா?" என்றார். மூன்று வயது யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பழைய குழந்தைகள் வளர்ந்து பள்ளிக்குப் போய்விட்டார்கள். கேள்விகளை அவர்கள் வீட்டுப் பேச்சுக்கு மாற்றிக்கொண்டு, புதிய குழந்தைகளைத் தேடி மறுபடி வீடு வீடாக ஏறி இறங்கினார்.

பாதி வேலையில் புற்றுநோய் வந்தது. அன்றே முடித்திருந்தால் அவருக்குப் பட்டம் எப்போதோ கிடைத்திருக்கும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. சிகிச்சையில் முடி கொட்டிய தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். குழந்தைகளுக்குக் கேள்வி அவர்கள் வீட்டுப் பேச்சில் வந்தபோது பதிலும் வந்தது என்று அதில் இருந்தது. தேர்வாளர்கள் இருவரும் ஏற்றுக்கொண்டார்கள். "வைவாவுக்குப் பச்சைப் பட்டு கட்டட்டுமா, இல்ல காட்டன் போதுமா?" என்பதுதான் என்னிடம் அவர் கடைசியாகக் கேட்டது.

அக்கா இறந்த அன்று சோமனூரில் அவர் வீட்டு வாசலில் அவருடைய தம்பி என்னைத் தனியாக அழைத்தார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அச்சுக்குப் போகக் காத்திருந்தது. "பேருக்கு முன்னால முனைவர்னு போட்டுறலாமுங்களா? நீங்க சொன்னாச் சரிங்க" என்றார். போடுங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் தேர்வு நடக்கவில்லை. நடக்காததை நடந்ததாக எழுத அக்கா ஒருநாளும் ஒப்பியதில்லை. "வேண்டாங்க" என்றேன். பக்கத்தில் நின்ற அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப எதுக்குங்க அம்மணி எம்புள்ள இத்தன பாடுபட்டா?" என்று கேட்டார். அவர் தோளில் சாய்ந்து அழுதேன்.

இப்போது கணபதி பகுதியில் ஒரு குழந்தை நல மையத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு குழந்தை பதில் சொல்லாவிட்டால் உடனே பூஜ்யம் போடுவதில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நான் எப்படிக் கேட்டேன் என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன். கோகிலாக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இது. எனக்கு இது போதும். அவருடைய அம்மாவுக்குப் போதாது.