சாவி வைத்திருப்பவர்

முதல் திருநீறு யாருக்கு என்று எங்கள் தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் தகராறு வந்ததிலிருந்து கோயில் சாவி போலீஸ் ஸ்டேஷனில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை உச்சிபூஜைக்கு ஒரு பெண் ஏட்டு வந்து திறப்பார். அவர் எங்கள் தெரு மருமகள். கீழத்தெருக்காரர்கள் இதற்கு எப்படி ஒப்புக்கொண்டார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

ஒரு வெள்ளியன்று அவர்களில் ஒருவரையும் காணோம்.

"நேரமாச்சு, தொறம்மா" என்றார் ஏட்டின் மாமனார்.

"அங்கிட்டிருந்து ஆள் வரட்டும் மாமா."

ஏட்டு ஷூவைக் கழற்றிவிட்டு, கொதிக்கும் கல்தரையில் வெறுங்காலோடு நின்றார். நாங்கள் முணுமுணுத்துக்கொண்டே நிழலுக்கு ஒதுங்கினோம்.

கடைசியில் கீழத்தெருப் பெரியவர் ஒருவர் ஆடி அசைந்து வந்தார்.

"நான் வராம நீங்க தொறக்க மாட்டீங்கன்னு தெரியும். அதான் மெள்ள வந்தேன்" என்றார் ஏட்டிடம்.

அவர் நடந்து வந்ததுபோல் அவ்வளவு நிம்மதியாக நான் எந்தக் கோயிலுக்கும் நடந்ததில்லை.